ஜெல்லில் ஒன்றும் வரவில்லை, அல்லது எல்லாவற்றிலும் வந்துவிட்டது: கொசுவில் வைரஸ் தேடுகிறவர்களுக்கு

இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில், பெருக்கிய மரபணுத் துண்டுகளைக் கோடுகளாகக் காட்டும் ஜெல் படம் ஒன்று வந்து விழுந்தால், யார் அனுப்பியது என்று பார்க்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும். "அக்கா, ஒண்ணுமே வரல." இல்லையென்றால், "அக்கா, எல்லாத்துலயும் வந்திருச்சு." பினாங்கில் கொசு மாதிரிகளோடு வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவள் நான். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். கோளாறுகள் மட்டும் பழையவைதான். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாம் தேடுவது பூச்சிக்குள் மட்டுமே பெருகும் வைரஸ்களை. மனிதரையோ கோழியையோ பன்றியையோ அவை தொற்றுவதில்லை. 1975-இல் ஏடிஸ் எஜிப்தி செல் வளர்ப்பில் கண்டறிந்த செல் ஃப்யூசிங் ஏஜென்ட் வைரஸ், 2007-இல் ஜப்பானில் அறிவித்த கியூலெக்ஸ் ஃபிளேவி வைரஸ், தாய்லாந்துப் பெயர் கொண்ட பாசி சரோன் வகை வைரஸ் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றில் சில, டிங்கி வைரஸின் குடும்பத்திலேயே பிறந்தவை. குழப்பம் வருவதும் அதனால்தான், ஆர்வம் வருவதும் அதனால்தான். செல் ஃப்யூசிங் ஏஜென்ட் வைரஸ் உள்ள ஏடிஸ் எஜிப்தியின் உடலுக்குள் டிங்கியும் ஜிகாவும் பரவுவது குறைகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. 1901-லிருந்து டிங்கியோடு வாழும் தீவு இது. நம் கொசுக்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தப்பில்லாமல் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கியிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். புது கிட் வாங்கிய பிறகு பிரீசர் கதவு சரியாக மூடாததைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கு முன் ஒன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்து சாட்சி டியூப்கள் இருக்க வேண்டும்: கொசுவே போடாமல் பிரித்தெடுப்பு முழுவதும் செய்த காலி டியூப், மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் கலவையில் தண்ணீர் மட்டும் போட்ட டியூப், வைரஸ் இருப்பது உறுதியான பாசிட்டிவ் டியூப், ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக மாற்றும் ஆர்.டி நொதி இல்லாமல் உங்கள் மாதிரியையே ஓட்டிய டியூப், கொசுவின் சொந்த மரபணுவுக்கான டியூப். இந்த ஐந்தும் இல்லாத ஜெல் படத்தை எனக்கு அனுப்பினால், நான் கேட்கும் முதல் கேள்வி அவற்றைப் பற்றித்தான் இருக்கும்.

## பாசிட்டிவ் டியூப்பிலும் பேண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) இல்லை

கோளாறு கொசுவில் இல்லை, கலவையிலோ இயந்திரத்திலோதான். ஜெல்லில் சாயம் கலந்தீர்களா, அளவுகோல் லேடர் தெரிகிறதா என்று பாருங்கள். லேடரே தெரியவில்லை என்றால் ஜெல்தான் குற்றவாளி. லேடர் இருக்கிறது என்றால், பிரைமரை, அதாவது தேடும் பகுதியில் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ துண்டை, புதிதாகக் கரைத்துப் போடுங்கள். அடுத்து நொதி: மின்சாரம் போய் வந்த நாளில் அது எங்கே இருந்தது என்று கேளுங்கள். பாசிட்டிவ் ஆர்.என்.ஏவையே பத்துத் தடவை உருக்கி உறைய வைத்திருந்தால் அதுவும் செத்திருக்கும். சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள், ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள்.

இவை எல்லாம் சரி, வேறொருவரின் சோதனையும் அதே இயந்திரத்தில் தோற்கிறது என்றால் இயந்திரத்தின் வெப்பம் தவறுகிறது. அதைச் சர்வீஸ்காரரிடம் விடுங்கள்.

## பாசிட்டிவ் வருகிறது, கொசு மாதிரிகள் மட்டும் காலி

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. கொசுவின் சொந்த மரபணு டியூப்பைப் பாருங்கள்.

### கொசுவின் மரபணுவும் வரவில்லை

மாதிரியில் ஆர்.என்.ஏ செத்துவிட்டது, அல்லது ஆர்.என்.ஏ இருக்கிறது, ஏதோ ஒன்று பிசிஆரைத் தடுக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரே ஓர் ஓட்டம் போதும். மாதிரியை ஐந்து மடங்கு, பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். நீர்த்ததில் பேண்ட் வந்தால் தடுப்பான் இருக்கிறது என்று அர்த்தம். இரத்தம் குடித்த கொசுக்களை, பல கொசுக்களைச் சேர்த்து அரைக்கும் தொகுப்பில் கலந்திருப்பீர்கள், அல்லது பிரித்தெடுப்பில் ஃபீனால் மிச்சம் வந்திருக்கும். ஒளி உறிஞ்சலில் தூய்மையைக் காட்டும் 260/230 அளவு மிகவும் கீழே இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான், ஒருமுறை கூடுதலாகக் கழுவினால் சரியாகும். வயிறு சிவந்த கொசுக்களை எப்போதும் தனித் தொகுப்பாக வையுங்கள். தடுப்பான் தொல்லைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த இரத்தம் யாருடையதோ, அதற்குள் எந்த வைரஸோ!

நீர்த்தும் வரவில்லை என்றால் ஆர்.என்.ஏ செத்துவிட்டது. எங்கே செத்தது என்பதைப் பொறியிலிருந்து தொடங்கித் தேட வேண்டும், ஆய்வுக்கூடத்திலிருந்து அல்ல. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை டியூப்புக்குள் போகும் முன்பே நடந்து முடிந்தவை.

முதலில், எந்தப் பொறி? ஒட்டும் அட்டை வைத்த பொறியை வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். திங்கட்கிழமை ஒட்டிய கொசு அடுத்த திங்கள்வரை பினாங்கு வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். கணக்கெடுப்புக்கும், சில சமயம் டிங்கி ஆன்டிஜன் சோதனைக்கும் அது உதவும். நீளமான வைரஸ் ஆர்.என்.ஏ தேடுகிறவருக்கு உதவாது. மின்விசிறியால் உறிஞ்சும் பொறிகளை 24 மணி நேரத்துக்குள் காலி செய்யுங்கள். உயிரோடு இருப்பவை எத்தனை, செத்தவை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பிரித்தெடுக்கும்போது இந்த இரண்டு எண்களும் உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் எறும்பு. இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தருவதில்லை. பாலேக் பூலாவ் டுரியான் தோட்டம் ஒன்றில் வைத்த பொறியை ஒருமுறை திறந்தபோது வலைப்பையில் கொசு ஒன்றுகூட முழுசாக இல்லை. இறக்கைகள் மட்டும் உமி மாதிரி அடியில் கிடந்தன. கட்டிய கயிற்றின் மேல் ஒரு கறுப்புக் கோடு, அசைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு கிரீஸ் தடவாமல் பொறி தொங்கவிடுவதில்லை. மிஞ்சிய கொசுக்களைச் சேகரித்தாலும், ஓர் எறும்புக் கால் டியூப்பில் விழுந்தால் எறும்பின் வைரஸும் உங்கள் பட்டியலில் ஏறிவிடும்.

அடுத்தது ஐஸ் பெட்டி. தோட்டத்திலிருந்து கூடத்துக்கு வர மலைப்பாதையில் முக்கால் மணி நேரம், வாரக்கடைசியில் இன்னும் அதிகம். நடுவில் லக்சா சாப்பிட நிறுத்தினால் பெட்டியை வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். கொசுவை உயிரோடு கொண்டுவந்து கூடத்தில் குளிரால் மயக்குவதுதான் என் விருப்பம். உயிருள்ள கொசுவில் ஆர்.என்.ஏ கெடுவதில்லை. ஈரத்துணி சுற்றி, சர்க்கரைத் தண்ணீர் பஞ்சு வைத்தால் வந்து சேரும். இனம் பிரிப்பது ஐஸ் தட்டின் மேல்தான். மேசை விளக்குக்குக் கீழே அரை மணி நேரம் வைத்து ஏடிஸ் அல்போபிக்டஸின் முதுகுக் கோட்டை ரசித்துக்கொண்டிருந்தால், அழகு மிஞ்சும், ஆர்.என்.ஏ மிஞ்சாது.

கடைசியாக பிரீசர். மைனஸ் 80 வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டி மாதிரி பனி படியாத வகை மைனஸ் 20 பெட்டி, பனியை உருக்கத் தானாகவே அவ்வப்போது சூடேறும். அதில் ஒரு மாதம் வைத்த மாதிரி ஒரு மாதம் உருகி உறைந்த மாதிரிதான். மைனஸ் 80 கிடைக்காத இடத்தில் ஆர்.என்.ஏ காக்கும் திரவத்தில் கொசுவை முழுக்கி வையுங்கள், திரவம் உள்ளே இறங்க உடலை லேசாகக் கீறிவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், புதிதாகப் பிடித்து உடனே அரைத்த கொசுவிலும் மரபணு வரவில்லை என்றால் கிட்டைச் சந்தேகிக்கலாம். தொழில்நுட்ப உதவிக்கு எழுதும்போது லாட் எண்ணோடு இந்தச் சோதனைகளின் முடிவையும் அனுப்புங்கள். இல்லையென்றால் இதே கேள்விகளைத்தான் அவர்களும் கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: கொசு மரபணு டியூப்பில் பேண்ட் வந்துவிட்டது என்பதாலேயே ஆர்.என்.ஏ நலம் என்று நம்ப வேண்டாம். உங்கள் பிரைமர் டி.என்.ஏவிலும் ஒட்டுமானால், ஆர்.என்.ஏ முழுதும் அழிந்த மாதிரியிலும் பேண்ட் வரும். டி.என்.ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்ட பிறகு பாருங்கள், அல்லது இன்ட்ரானை (டி.என்.ஏவில் இருந்து, முடிந்த ஆர்.என்.ஏவில் வெட்டப்பட்டுவிடும் பகுதி) தாண்டிப் பிடிக்கும் பிரைமரைப் பயன்படுத்துங்கள்.

### கொசுவின் மரபணு வருகிறது, வைரஸ் மட்டும் இல்லை

வைரஸ் உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். அதுவும் ஒரு முடிவுதான், வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் முதலில் பிரைமரைப் பாருங்கள். ஃபிளேவி வைரஸ் அனைத்தையும் பிடிப்பதாகச் சொல்லும் பிரைமர்கள் பலவும் டிங்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்றவற்றை மனத்தில் வைத்துச் செய்தவை. பூச்சிக்கே உரியவை அந்தக் குடும்பத்தில் தூரத்து உறவு. ஒட்டும் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி இறக்கிப் பாருங்கள், என்.எஸ்.5 மரபணுப் பகுதிக்கான கலப்பு எழுத்துப் பிரைமர் ஜோடி ஒன்றையாவது கூடுதலாக ஓட்டுங்கள். பாசி சரோன் வகை வைரஸ் ஃபிளேவியே அல்ல. ஃபிளேவி பிரைமரில் அது எத்தனை தடவை ஓட்டினாலும் வராது.

பாசிட்டிவ் கண்ட்ரோல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: ஏஏஜி2 என்ற ஏடிஸ் எஜிப்தி செல் வரிசை எந்தக் கூடத்திலாவது இருந்தால் ஒரு சிட்டிகை வாங்குங்கள். செல் ஃப்யூசிங் ஏஜென்ட் வைரஸும் பாசி சரோன் வகை வைரஸும் அதற்குள் நிரந்தரமாகக் குடியிருப்பது பலராலும் அறியப்பட்டது. அதே காரணத்தால் அந்தச் செல்லை ஒருபோதும் நெகட்டிவ் கண்ட்ரோலாக வைக்காதீர்கள். கூடத்தில் பல தலைமுறையாக வளர்க்கும் கொசுக்களும் அப்படித்தான். தாயிடமிருந்து முட்டை வழியாக இவை இறங்கி வருகின்றன. "லேப் கொசுதானே அக்கா, சுத்தமா இருக்கும்" என்று யாராவது சொன்னால், சோதித்துப் பார்த்தாயா என்று கேட்பேன்.

## "ஆர்.என்.ஏ கெட்டுவிட்டது" என்று, மரபணு எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்ஸிங் கூடத்திலிருந்து மாதிரி திரும்பி வருகிறது

இந்த ஒரு கோளாறால் நல்ல மாதிரிகள் குப்பைக்குப் போயிருக்கின்றன. எனக்கும் நடந்தது. ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் பின்கட்டில் மூன்று வாரம் அலைந்து சேர்த்த மாதிரி. ஆர்.என்.ஏவின் தரச்சான்று எண் பத்துக்கு இரண்டு புள்ளி சொச்சம் என்று ஒரு தாள் வந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் படத்தை உற்றுப் பார்த்தேன். பாலூட்டிகளின் ஆர்.என்.ஏவில் 28எஸ், 18எஸ் என்று ரைபோசோம் ஆர்.என்.ஏவின் இரண்டு மேடுகள் நிற்கும். என் படத்தில் ஒரே மேடு, கூர்மையாக, சுற்றிலும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கெட்டுப்போன ஆர்.என்.ஏ என்றால் சின்னத் துண்டுகளின் பக்கமாகப் புகை மாதிரி பரவியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை.

கொசு உட்படப் பெரும்பாலான பூச்சிகளின் 28எஸ் ஆர்.என்.ஏவில் நடுவில் ஒரு மறைந்த வெட்டு உண்டு. சூடாக்கினால் அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதியும் 18எஸ் நிற்கும் இடத்திலேயே போய் நிற்கும். பாலூட்டிக்குச் செய்த கணக்கு இதைச் சிதைவு என்று படிக்கிறது.

ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள், படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றைக் கூர்மேடும் சுத்தமான தரையும் இருந்தால் மாதிரி நலம். "பூச்சி மாதிரி, ஏற்றுக்கொண்டு தொடரவும்" என்று எழுதிக் கொடுங்கள். சூடாக்காமல் ஓட்டச் சொன்னால் இரண்டு மேடும் தெரியும். புகை மாதிரிப் பரவல் இருந்தால் மட்டும் மேலே சொன்ன பொறி, பெட்டி, பிரீசர் கதைக்குத் திரும்புங்கள்.

## தண்ணீர் டியூப்பிலும் பேண்ட்

தண்ணீரை மாற்றி ஓட்டுங்கள். அடுத்த ஓட்டத்தில் பிரைமரை, அதற்கடுத்து கலவையை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினால் எது கெட்டது என்றே தெரியாமல் போகும், அடுத்த மாதம் அதே கதை.

தண்ணீர் டியூப் சுத்தம், பிரித்தெடுப்புக் காலி டியூப்பில் மட்டும் பேண்ட் என்றால் அழுக்கு அரைக்கும் மேசையில். மணியுருண்டை போட்டு அரைக்கும் டியூப்பின் மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் துளி கண்ணுக்குத் தெரியாது. அரைத்ததும் குளிர் சென்ட்ரிஃபியூஜில் சில விநாடி சுற்றிவிட்டுத் திறங்கள். மேசையை அன்றே கலந்த பிளீச்சால் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏவை அழிக்காது.

பேண்ட்டைச் சீக்வென்ஸுக்கு அனுப்புங்கள். பாசிட்டிவ் கண்ட்ரோலோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்போனால் அது உங்கள் கண்ட்ரோல்தான், தீவின் கொசு அல்ல. இதனால்தான் கண்ட்ரோலைச் செய்துகொள்ளும்போதே நடுவில் சில எழுத்துகளை மாற்றி ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நெஸ்டட் பிசிஆர் (முதல் சுற்றில் பெருகியதையே இரண்டாம் சுற்றில் மறுபடி பெருக்குவது) செய்பவர்கள் முதல் சுற்று டியூப்பை வேறு அறையில் திறக்க வேண்டும். வேறு அறை இல்லையென்றால் நெஸ்டட் வேண்டாம். மூன்று முறை துடைத்தும் போகவில்லை என்றால் இரண்டு வாரம் வேறு கூடத்தின் மேசையைக் கேட்டு வாங்குங்கள்.

## காலி டியூப் சுத்தம், ஆனால் கொசுத் தொகுப்பு எல்லாமே பாசிட்டிவ்

மாணவர்கள் துள்ளிக் குதிக்கும் இடம் இது. நான் அவர்களை உட்காரச் சொல்லும் இடமும் இதுதான்.

### ஆர்.டி போடாத டியூப்பிலும் பேண்ட் வருகிறது

ஏடிஸ் கொசுக்களின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே பழைய ஃபிளேவி வைரஸ்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதை 2004-இல் கண்டுபிடித்தார்கள். கொசு தன் பாட்டன் முப்பாட்டன் காலத்துத் தொற்றின் துண்டை டி.என்.ஏவில் சுமக்கிறது. உங்கள் பிரைமர் அதைப் பிடித்திருக்கலாம். ஆர்.டியும் பிசிஆரும் ஒரே டியூப்பில் நடக்கும் ஒன்-ஸ்டெப் கிட்டில் ஆர்.டி போடாத டியூப் வைக்க முடியாது என்று சொல்லாதீர்கள்: ஆர்.என்.ஏ சேர்க்கும் முன்பே கலவையை 95 டிகிரியில் வைத்து ஆர்.டி நொதியைச் சாகவிட்டு, பிறகு மாதிரியைச் சேருங்கள்.

பேண்ட் வந்தால் மாதிரியை டிஎன்ஏஸ் நொதியால் நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டுங்கள். ஆர்.டி இல்லாததில் மறைந்து, ஆர்.டி உள்ளதில் நின்றால் நல்ல அறிகுறி. ஆனால் முடிவு அல்ல. அந்தப் பழைய துண்டுகளிலிருந்தும் ஆர்.என்.ஏ உருவாகிறது. மறுபக்கம், உயிருள்ள ஆர்.என்.ஏ வைரஸ் தொற்றிய கொசுவுக்குள் அந்த வைரஸின் டி.என்.ஏ வடிவமும் உண்டாகும் என்பதால், டி.என்.ஏவில் பேண்ட் வந்ததால் வைரஸே இல்லை என்றும் சொல்ல முடியாது.

அடுத்த படி, சீக்வென்ஸைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. நடுவில் நிறுத்தக்குறிகள் வந்தால், மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை நழுவியிருந்தால், அது பழைய எலும்பு. முழுதும் தடையில்லாமல் ஓடினால் இன்னும் நீளமாகப் பிடியுங்கள். வைரஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒன்றன்மேல் ஒன்று கவிந்த துண்டுகள் கிடைத்தால் வைரஸ் என்று சொல்ல ஆரம்பிக்கலாம்.

### ஆர்.டி இல்லாத டியூப் சுத்தம், சீக்வென்ஸும் வைரஸ்தான்

அப்படியென்றால் வைரஸ் அங்கே பரவலாக இருக்கிறது. தாய்வழி இறங்குவதால் இது நடக்கக்கூடியதே. ஆண் கொசுக்களைத் தனித் தொகுப்பாகச் சோதியுங்கள். ஆண் கொசு இரத்தம் குடிப்பதில்லை. அதில் வைரஸ் இருந்தால் யாரையும் கடித்து வாங்கியது அல்ல.

இப்போது உங்கள் கணக்கு பொய் சொல்லும். 25 கொசு வீதம் 20 தொகுப்பு, மொத்தம் 500 கொசு, இருபதும் பாசிட்டிவ். பாசிட்டிவ் தொகுப்பு ஒன்றை ஒரு கொசு என்று எண்ணும் குறைந்தபட்சத் தொற்று விகிதம் ஆயிரத்துக்கு 40 என்று வரும். ஒரு தொகுப்புக்கு ஒரே ஒரு கொசுவில் வைரஸ் இருந்தாலும் 40தான், ஐந்நூறிலும் இருந்தாலும் 40தான். எல்லாத் தொகுப்பும் பாசிட்டிவ் ஆனால் அந்த எண்ணை எழுதவே கூடாது. தொகுப்பை ஐந்தாக இறக்குங்கள், அல்லது ஒவ்வொரு கொசுவையும் தனித்தனியாக ஓட்டுங்கள். எத்தனையை ஓட்டினால் போதும் என்பதை, கொசு பிடிக்கப் போகும் முன்பே புள்ளியியல் தெரிந்தவரிடம் கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்குவார்.

## அளவு சரி, ஆனால் சீக்வென்ஸ் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியவில்லை

இரண்டு முனையிலிருந்தும் படித்துப் பாருங்கள். ஜெல்லிலிருந்து பேண்ட்டை வெட்டி எடுத்து மறுபடி அனுப்புங்கள். அப்போதும் குழப்பம் என்றால் ஒரே தொகுப்பில் இரண்டு வைரஸ், அல்லது வைரஸும் பழைய துண்டும் சேர்ந்து வருகின்றன. அரைக்கும் முன் ஒவ்வொரு கொசுவிலும் இரண்டு கால்களைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இங்கே கை கொடுக்கும். இல்லையென்றால் பிளாஸ்மிடில் குளோன் செய்து பத்துப் பன்னிரண்டைப் படிக்க வேண்டும். அதற்கும் மேலே போனால், மாதிரியில் உள்ள எல்லாவற்றையும் ஒருசேரப் படிக்கும் ஆழ்ந்த சீக்வென்ஸிங்தான், பணம் கரையும்.

## செல்லில் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது எல்லா ஃபிளாஸ்கிலும் நடக்கிறது

சி6/36 என்பது நாம் வைரஸை வளர்த்துப் பார்க்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் செல். 28 டிகிரி அதற்குப் பிடித்த வெப்பம். பினாங்கில் மேசைமேல் வைத்தாலே வளரும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஏர்கான் ஓடும் பகலில் 22, நிறுத்திய இரவில் 30. இன்குபேட்டரில் வையுங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் பொறுமைதான் முதல் மருந்து. இந்த வைரஸ்களில் பல, செல்லைக் கொல்லாமல் அமைதியாகப் பெருகும். ஏழு நாளுக்கு ஒருமுறை என்று குறைந்தது மூன்று தடவை திரவத்தைப் புது செல்லுக்குக் கடத்துங்கள், ஒவ்வொரு கடத்தலின் திரவத்தையும் பிசிஆரில் ஓட்டுங்கள். கடத்தக் கடத்த அளவு ஏறினால் வளர்கிறது. குறைந்துகொண்டே போனால் நீங்கள் பழைய ஆர்.என்.ஏவை நீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இரட்டை இழை ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருந்தால், எந்த வைரஸ் என்றே தெரியாமலும் அது பெருகுவதைக் காணலாம்.

மாதிரி போடாத ஃபிளாஸ்கிலும் செல்கள் ஒட்டிக் குவிகின்றன என்றால் வயதான செல், மாறிய சீரம், இல்லையேல் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் வைரஸ். கொசு செல் வரிசைகள் பலவற்றில் டென்சோ வைரஸ் போன்ற விருந்தாளிகள் உண்டு. மாதிரி போடாத செல்லிலிருந்தும் ஆர்.என்.ஏ எடுத்துச் சோதித்து வைக்காமல், வைரஸைத் தனியாகப் பிரித்து வளர்த்தேன் என்று எழுதவே எழுதாதீர்கள்.

பூஞ்சை வந்தால், அரைத்த திரவத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தவில்லை என்று பொருள். லோங்காங் (சாக்கடை) தண்ணீரில் பிறந்த கியூலெக்ஸ் கொசு சுத்தமாக வராது.

பூச்சிக்கு மட்டுமே உரியதா என்று பார்க்க, குரங்கிலிருந்து வந்த வீரோ செல்லில் போடுவீர்கள். 37 டிகிரியில் மட்டும் பார்த்துவிட்டு வளரவில்லை என்று சொன்னால், வெப்பம் பிடிக்காததா, செல் பிடிக்காததா என்ற கேள்வி நிற்கும். குறைந்த வெப்பத்திலும் வீரோவை வைத்து ஒருமுறை பாருங்கள். இந்தச் சோதனை தொடங்கும் முன்பே உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும்.

## ஆழ்ந்த சீக்வென்ஸிங்கில் வகை வகையாக வைரஸ் வருகிறது

எல்லா மாதிரியிலும் அதே வைரஸ், ஒன்றில் மட்டும் லட்சக்கணக்கில், மற்றவற்றில் பத்து இருபது துண்டு என்றால் அது ஓட்டத்துக்குள் நடந்த கசிவு. இரு முனையிலும் தனித்த அடையாளக் குறி கேட்டு வாங்குங்கள், காலி டியூப்பையும் ஒரு மாதிரியாகச் சேர்த்து அனுப்புங்கள்.

பெயர் தெரியாத வைரஸ் என்றால், கொசுவின் வைரஸா, கொசு குடித்த பூந்தேனில் இருந்த ஈஸ்ட்டின் வைரஸா, வயிற்றில் ஒட்டிய சிவப்புச் சிற்றுண்ணியின் வைரஸா? உருப்பெருக்கியில் உண்ணியைத் தேடி எடுத்துவிட்டு, கொசுவின் மேற்பரப்பைக் கழுவி அரைத்திருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். மீதிக்குச் சிறு ஆர்.என்.ஏ சீக்வென்ஸிங் உண்டு. கொசு தன்னுள் பெருகும் வைரஸை 21 எழுத்துத் துண்டுகளாக, இரு இழையிலிருந்தும் வெட்டும். 25 முதல் 30 எழுத்து நீளத்தில் ஒரே திசையில் மட்டும் குவிந்தால் மரபணுவில் ஒட்டிய பழைய துண்டு நினைவுக்கு வர வேண்டும். இதைக் கொசுவிலேயே பாருங்கள். சி6/36 செல்லுக்கு அந்த வெட்டும் கத்தி சரியாக வேலை செய்யாது, 21 எழுத்துத் துண்டு அங்கே வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. இந்தக் கட்டத்தில் உயிர்த்தகவலியல் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். தனியாக முயன்று ஆறு மாதம் இழக்காதீர்கள்.

## சீக்வென்ஸில் வந்த பெயர் பூச்சி வைரஸ் அல்ல

சில நேரம் டிங்கி வரும், ஜிகா வரும், வேறொன்றும் வரலாம். 1955-இல் இந்த நாட்டில் கியூலெக்ஸ் கொசுக்களிலிருந்து பிரித்த தெம்புசு இன்று வாத்துகளைத் தாக்கும் ஃபிளேவி வைரஸ் என்று அறியப்படுகிறது. அதே ஆண்டில் பிரித்த கெத்தா, குதிரைக்கும் பன்றிக்கும் வரும் வைரஸ். கெத்தா என்றால் மலாய் மொழியில் ரப்பர் பால். தோட்டத்தில் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரை மறக்கவே முடியாது. ஜிகாவையும் 1966-இல் பகாங் மாநிலத்துப் பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் எஜிப்தியிலிருந்து பிரித்திருக்கிறார்கள். செபராங் பிறையின் வயல்பக்கம் பிடித்த கியூலெக்ஸில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் பெயர் வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இங்கே சோதனையை நிறுத்துங்கள். மறுபடி ஓட்டி உறுதி செய்யலாம் என்று செல்லில் ஏற்றக்கூடாது. அரைத்த மிச்சம், செல் ஃபிளாஸ்க், திரவம் எல்லாவற்றையும் மூடி, பெயர் எழுதி, பூட்டுள்ள பிரீசரில் வையுங்கள். அன்றே மேற்பார்வையாளரிடமும் உயிரியல் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லுங்கள். உறுதி செய்யும் வேலை அதற்குரிய பாதுகாப்பு நிலையுள்ள ரெஃபரன்ஸ் ஆய்வுக்கூடத்துடையது. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டுமா என்பதையும் மேற்பார்வையாளர் முடிவு செய்வார். பொறி வைத்த வீட்டுக்காரரிடம் நீங்களாகவே போய்ச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

பெட்டியோடு ஒரு தாள் போக வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, எந்தப் பொறி, எந்த இனம், ஆணா பெண்ணா, இரத்தம் குடித்ததா, தொகுப்பில் எத்தனை, எத்தனை முறை உருகியது, மிச்சம் எவ்வளவு, அந்த நாள் மேசையில் வேறு என்ன மாதிரிகள் இருந்தன. பென்சிலால் எழுதுங்கள். மைனஸ் 80-இல் பேனா மை அழிந்துபோகும்.